மட்டாஞ்சேரி வினாவியல்

பாயிரம்

பாயிரம் இல்லாத நூலைப் பண்டிதர் தொடமாட்டார்கள். ஆகவே அதை முதலில் முடித்துவிடுவோம்.

வழி: பவணந்தி முனிவர் செய்த நன்னூல். எல்லை: வடக்கே அழிமுகம், கிழக்கே காயல், மேற்கே அரபிக்கடல், தெற்கே செல்லானம். யாப்பு: உரைநடை, அதிலும் அங்கங்கே தளை தட்டும். நுதலிய பொருள்: இவ்வெல்லைக்குள் ஓட்டு வாங்கித் திருவனந்தபுரம் போகும் சட்டமன்ற உறுப்பினர் அமைச்சர்களைக் கேட்கும் கேள்விகளும், அவற்றுக்குக் கிடைக்கும் பதில்களும். கேட்போர்: அடுத்தவர் வாங்கிய நாளிதழைத் தேநீர்க் கடையில் படிப்போர். பயன்: கேள்வி காதில் விழுந்தவுடனே பதிலின் சாதியைச் சொல்லிவிடும் ஆற்றல்.

இத்தொகுதி 1957 முதல் மட்டாஞ்சேரி என்றே பெயர் பெற்றிருந்தது. தொகுதி மறுவரையறைக்குப் பின் 2011 தேர்தலிலிருந்து கொச்சி ஆயிற்று. பெயர் மாறினாலும் சாக்கடை மாறவில்லை ஆதலின் பழம்பெயரே இங்கு ஆளப்படும். எடுத்துக்காட்டுக் கேள்விகள் உரைகாரரின் ஆக்கம். அவற்றின் பொருள் ஊரார் ஆக்கம்.

வரலாறு

அமைச்சரை நிற்கவைத்துக் கேட்கும் வழக்கம் லண்டனில் தொடங்கியது. 1721-ல் பிரபுக்கள் சபையில் கவ்ப்பர் பிரபு எழுந்து, தென்கடல் கம்பெனியின் காசாளர் ராபர்ட் நைட் ஓடிப்போனாரே, பிடிபட்டாராமே, உண்மையா என்று கேட்டார். முதல் கேள்வியே கணக்கு ஒப்படைக்காமல் போனவரைப் பற்றியது என்பதை மாணாக்கர் குறித்துக்கொள்க. இந்தியாவில் 1892-ஆம் ஆண்டுச் சட்டம் கேள்வி கேட்க விட்டது. பதில் போதவில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். துணைக் கேள்வி 1909-ல்தான் வந்தது, அதுவும் மூலக் கேள்வியைக் கேட்டவருக்கு மட்டும்.

கொச்சி சமஸ்தானத்துக்கு 1925-ல் சட்டசபை அமைந்தது. மட்டாஞ்சேரி யூதத்தெருவின் வழக்கறிஞர் ஏ.பி. சேலம் அதில் யூதர்களின் பிரதிநிதியாக 1931 வரையும், மீண்டும் 1939 முதல் 1945 வரையும் அமர்ந்தார். பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தில் தம் வகையாரைச் சமமாக உட்கார விடாததை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் செய்து 'யூத காந்தி' எனப் பெயர் பெற்றவர் அவர். இவ்வூர் வினாவியலுக்கு அவரையே முதலாசிரியராகக் கொள்க. ஆனால் அவர் காலத்துத் தொடக்கத்தில் பதில் சொல்ல இருந்தவர் திவான்; திவானுக்கு ஓட்டுப் பயம் கிடையாது. 1938-ல் அம்பாட்டு சிவராம மேனோன் சபையிலிருந்து வந்த முதலாவது அமைச்சர் ஆன பிறகுதான், கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் ஒரே வகைப் பயம் உண்டாயிற்று. பயம் பொதுவானால்தான் இலக்கணம் பிறக்கும்.

அறுவகை வினா

வினா ஆறு என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. பவணந்தியார் கேள்வி நேரம் பார்த்தவர் அல்லர். பார்த்தவர் போல வகுத்திருக்கிறார்.

முதலாவது அறிவினா. ஆசிரியர் தமக்குத் தெரிந்ததையே மாணவனைக் கேட்பது. "மழைக்காலத்தில் மட்டாஞ்சேரிக் கடைவீதியில் தண்ணீர் தேங்குவது அமைச்சரின் கவனத்துக்கு வந்துள்ளதா?" அந்தத் தண்ணீரில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தவரே உறுப்பினர். அவருக்கு வேண்டியது தகவல் அல்ல. அமைச்சருக்குத் தெரியும் என்ற தகவல் அச்சில் ஏறுவது.

இரண்டாவது அறியாவினா. தெரியாமல் கேட்பது. இது அருகிய வழக்கு. மருத்துவமனையில் எத்தனை பணியிடம் காலி, எத்தனை பேருக்குப் பட்டா நிலுவை என்பன போன்ற எண்ணுக்குரிய கேள்விகளில் மட்டும் காணப்படும். இவை பெரும்பாலும் உடுக்குறி இல்லாத கேள்விகள். எழுத்தில் பதில் வரும், யாரும் எழுந்து நிற்க வேண்டாம். மக்களவையில் ஒரு நாளைக்கு உடுக்குறி இட்டவை 20, இடாதவை 230 வரை என்பது கணக்கு. 20 பேச, 230 எழுத. உண்மையான அறியாமை அந்த 230-க்குள்தான் ஒளிந்திருக்கிறது.

மூன்றாவது ஐயவினா. கிடப்பது பாம்போ கயிறோ என்பது பழைய உரைகாரர் காட்டும் உதாரணம். மட்டாஞ்சேரியில் பாம்பும் கயிறும் ஒன்றே. அதை அடிக்க வேண்டியது எந்தத் துறை என்பதே ஐயம். இவ்வியலின் விரிந்த பகுதி இதுவே ஆதலின் சற்று நின்று காண்போம்.

போர்த்துகீசியர் 1555-ல் கட்டிக் கொடுத்து, ஊரார் டச்சு அரண்மனை என்றழைக்கும் மாளிகை இந்தியத் தொல்லியல் துறையுடையது. எனவே மத்திய அரசு. அதன் வாசலில் வந்து சேரும் சாலை மாநிலப் பொதுப்பணித் துறையுடையதாகவோ மாநகராட்சியுடையதாகவோ இருக்கும். குழி விழும் வரை இருவரும் உரிமை கொண்டாடுவர். அதனடியில் ஓடும் குழாய் நீர் ஆணையத்தினுடையது. எதிரே காயல், அதில் கப்பல் வந்தால் துறைமுகம், அதாவது டெல்லி, படகு வந்தால் மாநில நீர்ப்போக்குவரத்துத் துறை, குளிரூட்டிய படகு வந்தால் வாட்டர் மெட்ரோ. ஃபோர்ட் கொச்சி வேளியில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் துணி வெளுக்கும் தோபிகானா கொச்சி வளர்ச்சி ஆணையமான ஜி.சி.டி.ஏ. கட்டியது. டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத்துணி வெளுக்க வந்தவர்களின் வழிவந்தோர் இவர்கள். இவர்களது தொட்டியில் விரிசல் என்று கேட்பதற்கு முன் உறுப்பினர் சொத்துரிமை வரலாறு ஒன்றைப் படித்தாக வேண்டும்.

இந்த ஐயம் இன்று முளைத்ததன்று. மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவுடையதாக இருந்தபோது, நடந்துபோகும் தூரத்தில் இருந்த ஃபோர்ட் கொச்சி ஆங்கிலேயருடையது. சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த ஊர்க் குறை சட்டசபை ஏறவேண்டுமானால் சென்னைக்கு ரயில் பிடிக்க வேண்டும். பக்கத்துத் தெருக் குறைக்கு எர்ணாகுளத்துக்குத் தோணி பிடித்தால் போதும். 1956-ல் கேரளம் அமைந்து இரண்டும் ஒரே மாநிலமாயின. 1967-ல் மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி, எர்ணாகுளம் நகராட்சிகள் சேர்ந்து மாநகராட்சியாயின. எல்லைக்கோடு அழிந்தது, 'அது எங்களுடையது அல்ல' என்னும் பழக்கம் கோட்டை விட்டுக் கோப்புக்குள் குடியேறியது.

நான்காவது கொளல்வினா. கடைக்காரரிடம் வெல்லம் உண்டோ என்று கேட்பது வாங்குவதற்கு. "இப்பாலத்துக்கு நடப்பு நிதியாண்டில் தொகை ஒதுக்கப் பரிசீலிக்கப்படுமா?" இவ்வகையின் பேராசான்கள் அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்தார். அங்கே ஜாக்கி ஹீலி-ரே 1997-ல் சுயேச்சையாக வென்று, பெரும்பான்மை இல்லாத அரசுக்கு முட்டுக்கொடுத்து, கைம்மாறாகத் தம் ஊர்ச் சாலைகளுக்குப் பணம் வாங்கினார். அவர் மகன்கள் மைக்கேலும் டேனியும் பின்னர் அதே அவைக்கு வந்து குண்டு குழிகளைப் பற்றிக் கேட்டார்கள். டப்ளின் பத்திரிகைகள் அவர்களைக் கேலி செய்யும். கெர்ரிக்காரர் அந்தப் பத்திரிகையையும் படித்துவிட்டு அவர்களுக்கே ஓட்டுப் போடுவர்.

ஐந்தாவது கொடைவினா. சாத்தனுக்கு ஆடை இல்லையோ என்பது கொடுப்பதற்காகக் கேட்பது. ஆளுங்கட்சி உறுப்பினர் தம் அமைச்சருக்குக் கொடுக்கும் வாய்ப்பு இது. "இத்துறையில் அரசு அடைந்துள்ள முன்னேற்றத்தை விளக்குவாரா?" அமைச்சர் ஆடை ஏற்றுக்கொண்டு வெகுநேரம் அணிந்து காட்டுவார். ஆஸ்திரேலியாவில் இதற்கு ஒரு பெண்மணியின் பெயரால் 'டாரதி டிக்சர்' என்று பெயர். பத்திரிகையில் வாசகர் கேள்விகளையும் தாமே எழுதிக்கொண்டதாகச் சொல்லப்பட்டவர் அவர். கொடுப்பவர் கொள்பவராவதும் உண்டு. மட்டாஞ்சேரியில் 2001-லும் 2006-லும் வென்ற வி.கே. இப்ராகிம்குஞ்சு 2005-ல் தொழில்துறை அமைச்சரானார். அன்று முதல் அவருடைய இலக்கணப் பாடம் அடுத்த அதிகாரத்துக்கு மாறிற்று.

ஆறாவது ஏவல்வினா. படித்தாயா என்றால் படி என்று பொருள். இதன் தூய வடிவம் தொகுதியின் தென்முனையில் வழங்குகிறது. செல்லானத்தில் கடல் வீட்டுக்குள் வரும். 2021 மே மாதம் டவ்தே புயலில் வந்தது சிறிதன்று. அதன்பின் 344 கோடி ரூபாய்த் திட்டத்தில், நான்கு கால் கொண்ட கான்கிரீட் டெட்ராபாட்களை அடுக்கி, ஏழு கிலோமீட்டருக்கு மேல் கடற்சுவர் எழுந்தது. புத்தன்தோட்டில் சுவர் நின்றது. அங்கிருந்து வடக்கே கண்ணமாலிக்காரரின் கேள்வி தொடங்கியது. சுவர் எங்கே முடிகிறதோ அங்கே ஏவல் தொடங்கும் என்பது விதி.

எண்வகை விடை

விடை எட்டு. அவற்றுள் முதல் மூன்றும் நேராக நிற்கும். பின் ஐந்தும் சாய்ந்து நிற்கும்.

சுட்டு: வழி எது என்றால் இது என்பது. அவையில் இது "அனுபந்தமாகச் சேர்க்கப்பட்டுள்ளது" என்ற உருவில் வரும். அனுபந்தம் 14 பக்கம் இருந்தால், கேட்ட ஊர் அதில் எங்கோ இருக்கும். மறை: "கவனத்துக்கு வரவில்லை." நேர்: "ஆம்." இதைக் கண்டவர் உண்டு.

இனிச் சாய்ந்தவை. ஏவல்: இதைச் செய்வாயா என்றால் நீயே செய் என்பது. "இது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பாகும்." வினா எதிர் வினாதல்: "உங்கள் ஆட்சியில் என்ன கிழித்தீர்கள்?" இது எழுத்துப் பதிலில் வாராது, துணைக் கேள்வி சூடேறும்போதே பிறக்கும். உற்றது உரைத்தல்: ஆடுவாயா என்றால் கால் வலிக்கிறது என்பது, "வழக்கு நிலுவையில் உள்ளது." உறுவது கூறல்: ஆடினால் கால் வலிக்கும் என்பது, "ஏற்றால் கூடுதல் நிதிச்சுமை ஏற்படும்." இனமொழி: ஆடுவாயா என்றால் பாடுவேன் என்பது. சேறு படிந்து படகு அணைய முடியாமற்போன மட்டாஞ்சேரிப் பழைய படகுத்துறையைப் பற்றிக் கேட்டால், 2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ ஓடத் தொடங்கிய பெருமை பதிலாக வரும். இரண்டும் தண்ணீர்மேல் நடப்பவை ஆகையால் இனம் என்க. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கே வாட்டர் மெட்ரோ நிலையம் வந்துவிட்டபடியால், இப்பாட்டுக்கு இப்போது உள்ளூர் ராகமும் கிடைத்திருக்கிறது.

பவணந்தியார் காணாத ஒன்பதாவது விடை ஒன்று உண்டு: "விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது." இது நேரும் அன்று, மறையும் அன்று. பதில் வந்ததாகக் கணக்கில் ஏறும். வரவில்லை என்று வீட்டில் தெரியும். பதிலைப் பதிலாலேயே ஒத்திவைக்கும் இதற்கு நாம் 'கருவிடை' என்று பெயர் இடுகிறோம். கருவுற்றது, பேறுகாலம் குறிக்கப்படவில்லை.

புறனடை

அற்றேல், சட்டமன்றம் நாட்டுக்குக் கொள்கை வகுக்கும் இடமன்றோ. சாக்கடையையும் படகுத்துறையையும் அங்கே இழுப்பது அவையைச் சிறுமைப்படுத்தாதோ எனின், படுத்தாது. என்னை? மேற்கூறிய விடைகளைக் கேள்வியின் அளவோடு பொருத்திக் காண்க. மாநிலத்தின் நீர்க்கொள்கை யாது என்று கேட்டால் எட்டு விடையும் இடம்பெறும். அமைச்சர் விரும்பியதைத் தேர்ந்து பாடலாம், அப்பாட்டைப் பிழை என்று எவரும் நிறுவ முடியாது. இன்ன தெருவின் இன்ன மூலையில் உடைந்த குழாய் எந்தத் தேதிக்குள் சரியாகும் என்று கேட்டால் சாய இடமில்லை. வருவது நேரானால், அந்தத் தேதியில் தெருவே நின்று சோதிக்கும். மறையானால், 'கவனத்துக்கு வரவில்லை' என்பதை ஒரு முறைதான் சொல்லலாம். கேள்வியே கவனத்துக்குக் கொண்டுவந்துவிட்டதால் அடுத்த கூட்டத்தொடரில் அது செல்லாது.

அதுவன்றிப் பெருங்கேள்விகளும் சிறு கேள்விகளின் தொகையே. மாநில நிதி நெருக்கடி எவ்வளவு என்று கேட்டால் கிடைப்பது சொற்பொழிவு. ஒரு மருத்துவமனையில் எத்தனை செவிலியர் இடம் எத்தனை மாதமாகக் காலி என்று கேட்டால் கிடைப்பது நெருக்கடி. எனவே ஊர்க்கேள்வி கேட்பவரே நாட்டுக்கேள்வியைக் கூர்மையாகக் கேட்டவர் என்பது பெற்றாம். கெர்ரிக்காரரைக் கேலி செய்தவர்கள் இதை ஒரு முறை எண்ணிப் பார்க்க.

இனி ஒரு விதியோடு நூல் முற்றும். கேள்வி கேட்டுத் தரும்படி உறுப்பினரின் அலுவலகத்துக்கு மனு கொண்டுபோகும் வாக்காளர், அதில் 'வளர்ச்சி', 'மேம்பாடு', 'முன்னேற்றம்' ஆகிய மூன்று சொற்களையும் அடித்துவிடுக. இடம், துறை, தேதி என்னும் மூன்றையும் எழுதுக. எந்தத் துறை என்று தெரியாவிட்டால் இரண்டு துறைக்கும் தனித்தனியே கேள்வி அனுப்பச் சொல்லுக. இருவரும் அது மற்றவருடையது என்று எழுத்தில் சொன்னால், அந்த இரண்டு தாளையும் சேர்த்துப் பின் குத்தி மூன்றாவது கேள்வியாக்குக.