மாப்ள, ஆவணிக்கு அவசரப்படாத

நீ வந்து சொன்ன மூணு யோசனையும் தங்கமான யோசனை மாப்ள. ஒண்ணையும் நான் தடுக்கப் போறதில்ல. மலைமேல கரியாலூரு தாண்டி ஒரு குறிசொல்லி இருக்காரு, கருப்புக் கயிறு மந்திரிச்சுக் குடுப்பாரு, பையனுக்கு ஆம்பளைங்க மேல இருக்கிற ஆசை மூணே அமாவாசையில எறங்கிடும்ன. சரி. பட்டணத்துல ஒரு டாக்டரு மாத்திரை குடுத்து, தேவைப்பட்டா கரண்டும் வெச்சு மனச மாத்தி வுடுவாராம்ன. அதுவும் சரி. ரெண்டும் பலிக்கலன்னா வர ஆவணியில சின்னசேலத்துப் பொண்ணக் கட்டி வெச்சுட்டா தன்னால தெளிஞ்சிடுவான்ன. ரொம்ப சரி. சாமி, வைத்தியம், சம்சாரம்னு மூணு பக்கமும் வேலி கட்டிட்ட. மல்லாட்டக் கொல்லிக்கு இதுல பாதி வேலி கட்டியிருந்தா போன வருசம் பன்னி பூந்திருக்காது.

கெளம்பறதுக்கு முன்னால நீ போற எடத்துலயெல்லாம் என்ன சொல்லி வெச்சிருக்காங்கன்னு மட்டும் காதுல வாங்கிக்க. காசையும் தொலைச்சுட்டு வந்து 'மாமா, நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா'ன்னு நாளைக்கு எந்திண்ணையில ஒக்காந்து அழக் கூடாது பாரு.

மொதல்ல சாமி. அதுக்கு எதுக்குய்யா மலையேறணும்? கூவாகத்துல கூத்தாண்டவரு இருக்காரு. 2019-ல விழுப்புரத்துலேருந்து நம்ம கள்ளக்குறிச்சியப் பிரிச்சப்போ உளுந்தூர்பேட்டையோட சேத்து அந்தச் சாமியும் நம்ம பங்குக்கு வந்துடுச்சு. ஏரி குளமெல்லாம் சண்டை போட்டு வாங்குன சனம், இவர சும்மா வாங்கிடுச்சு.

கதை உனக்குத் தெரியும். விடிய விடிய கூத்து பாத்தவன்தானே நீ. இல்ல, கூத்துக் கொட்டாயில முறுக்கு தின்னுட்டுத் தூங்குனவனா? பாரதப் போருல செயிக்கக் களப்பலி வேணும். அருச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பொறந்த அரவான், அவன்தான் நம்ம கூத்தாண்டவரு, 'நான் சாவறேன், அதுக்கு முந்தி எனக்கொரு கல்யாணம் பண்ணி வைங்க'ன்னான். விடிஞ்சா தலை போவப் போறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? கிருஷ்ணரே மோகினியா வந்தாரு. ஒரு ராத்திரி பொண்டாட்டியா இருந்தாரு, மறுநா தாலியறுத்து மாரடிச்சு அழுதாரு. அதுக்கப்புறம் போயித் தேரும் ஓட்டுனாரு, கீதையும் சொன்னாரு. 'இவரு அப்படிப்பட்டவராச்சே, இவரு சொல்ற கீதை நமக்கு ஆவாது'ன்னு எந்த ஊருலயும் பஞ்சாயத்து கூடல.

சித்திரையில 18 நாள் திருவிழா. எங்கெங்கேருந்தோ திருநங்கைங்க வந்து எறங்குவாங்க. பூசாரி கையால தாலி ஏறும், மறுநா தேரு, அப்பறம் அழிகளத்துல தாலியறுப்பு, வளையல் ஒடைப்பு, வெள்ளைச் சீலை. டிவிக்காரன் அதை மட்டும் படம் புடிச்சுட்டுப் போயிடுறான். பக்கத்துலயே வேண்டுதலுக்குத் தாலி கட்டிக்கிற சுத்துப்பட்டு ஆம்பளைங்கள எவனும் காட்டறதில்ல. முறுக்கு மீசை, முண்டா பனியன், கை நெறய வளையல், கழுத்துல மஞ்சக் கயிறு! நானும் கட்டிக்கிட்டவன்தான்டா. உங்கம்மாவுக்கு அம்மை போட்டப்போ எங்கப்பன் வேண்டிக்கிட்டாரு, கழுத்து என்னுது. மறுநா தாலியறுத்துட்டு வந்து மத்தியானம் கேவுரு கூழு குடிச்சேன். கணக்குப் பாத்தா உங்கத்தைய நான் கட்டும்போது நானொரு அறுத்த முண்டச்சி. அவங்க வூட்டுல ஒரு ஆளு அதைப் பத்திக் கேக்கல. மூக்குத்தி எத்தினி பவுனுன்னுதான் கேட்டாங்க.

இந்த எடத்துல ஒண்ணு. நம்ம பேராண்டி திருநங்கை இல்ல. ஊருல பாதி சனம் இங்கதான் குழம்பிப் போயி நிக்குது. ஒடம்பு ஆணா பொறந்திருந்தாலும் தான் பொம்பளைன்னு மனசுல அறிஞ்சவங்க திருநங்கை. இவன் தன்னை ஆம்பளைன்னுதான் நெனைக்கிறான், சீலை வேணாங்கறான், மீசைக்கு எண்ணெய் தடவுறான். மனசு போறது மட்டும் இன்னொரு ஆம்பள மேல. தன்பாலீர்ப்புன்னு அதுக்குப் பேரு. நீயென்னடான்னா 'எம்மவன் சீலை கட்டிப்பானோ'ன்னு அழுவுற. கட்டுனாலும் குடி முழுவாது, ஆனா அவன் கேக்காத ஒண்ணுக்கு எதுக்கு அழுவுற?

கூத்தாண்டவரு நம்ம ஊரு சாமி, சாஸ்திரம் வேற மாதிரி சொல்லுமேங்கற. சொல்லுது, அதையும் கேட்டுக்க. மனுதர்மத்துல ஆம்பளையும் ஆம்பளையும் சேந்தா தண்டனை இருக்கு. என்னா தண்டனை? கட்டுன துணியோட குளிக்கணும். அதே வரியில அதே தண்டனை இன்னும் யாருக்கெல்லாம் தெரியுமா? மாட்டு வண்டியில பொம்பளையோட சேந்தவனுக்கு, தண்ணியில சேந்தவனுக்கு, பட்டப்பகல்ல சேந்தவனுக்கு. உனக்குக் கல்யாணம் ஆன புதுசுல கச்சிராயபாளையம் சந்தைக்கு வண்டி கட்டிக்கிட்டுப் போயி ராத்திரிதான் திரும்புனீங்க. நான் ஒண்ணும் கேக்கல. கோமுகி அணையில தண்ணி கெடக்கு, அப்பனும் மவனுமா ஒண்ணா போயி முழுக்குப் போட்டுட்டு வாங்க, கணக்கு தீந்துடும். அதுவும் பூணூல் போட்டவங்களுக்கு எழுதுனது, நம்ம பேரு அந்தப் பட்டியல்லயே இல்ல. பொம்பளைங்க விசயத்துல மட்டும் அந்தப் புஸ்தகம் கொடூரம். கன்னிப் பொண்ணை இன்னொரு பொம்பள தொட்டா தலைய மழிக்கணும், இல்ல ரெண்டு வெரல வெட்டணும், கழுதை மேல ஏத்தணும்னு போவுது. அது எப்பவும் அப்படித்தான். ஆம்பளைக்குக் குளியல், பொம்பளைக்குக் கத்தி.

மாதா கோயிலுலயும் பள்ளிவாசல்லயும் இது பாவம்னுதான் பெரியவங்க சொல்றாங்க, இல்லன்னு நான் புளுக மாட்டேன். ஆனா அங்கயும் ஒரே குரலு இல்ல. 2023 டிசம்பர்ல ரோமாபுரியில போப் பிரான்சிஸ் இருந்தப்போ, இப்படிச் சோடியா வரவங்களுக்குப் பாதிரியாருங்க ஆசீர்வாதம் குடுக்கலாம், கல்யாணம் மாதிரி மட்டும் பண்ணக் கூடாதுன்னு அறிக்கை வந்துது. ஆப்பிரிக்கா ஆயருங்க முடியாதுன்னுட்டாங்க. அவங்க சண்டை ஓயட்டும், நாம நம்ம வேலையப் பாப்போம்.

'நம்ம பண்பாட்டுல இது ஏது'ன்னு டீக்கடையில கேட்டியாமே. இதுக்காவ ஜெயில்ல போட்டுட்டிருந்த சட்டம் யாரு போட்டான்னு கேட்டியா? மெக்காலே துரை எழுதி, 1860-ல வெள்ளைக்காரன் கொண்டாந்த 377-ஆம் பிரிவு. அவன் 1947-ல மூட்டையக் கட்டுனப்போ அதை மறந்து வெச்சுட்டுப் போயிட்டான், நாமளும் தாத்தா சொத்து மாதிரி பத்திரமா வெச்சிருந்தோம். 2018 செப்டம்பர் 6-ஆந்தேதி சுப்ரீம் கோர்ட்டுல அஞ்சு நீதிபதிங்க ஒக்காந்து, வயசு வந்த ரெண்டு பேரு மனசொத்து இருந்தா குத்தமில்லன்னு சொல்லிட்டாங்க. கல்யாண உரிமை கேட்டுப் போனப்போ 2023 அக்டோபர்ல அது எங்க வேலையில்ல, பாராளுமன்றம் பாக்கணும்னு கைய விரிச்சுட்டாங்க. ஆவ, உம்மவன் குத்தவாளியும் இல்ல, மாப்பிள்ளையும் இல்ல. நடுவுல நிக்கிறான்.

இப்ப டாக்டரு. கரண்டு வெக்கிறேன்னாரே, அவரு படிச்ச டாக்டரா, இல்ல மோட்டாருக்குக் காயில் கட்டறவரா? ஏன் கேக்கறேன்னா, அமெரிக்காவுல மனநல டாக்டருங்க 1973-லயே இதை வியாதிப் பட்டியல்லேருந்து அடிச்சுட்டாங்க. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17-ல அடிச்சுது. நம்ம நாட்டு மனநல டாக்டருங்க சங்கமும் 2018-ல வியாதியில்லன்னு சொல்லிடுச்சு. இல்லாத வியாதிக்கு மருந்து குடுக்கறதுக்கும் இல்லாத மாட்டுக்குப் புல்லு அறுக்கறதுக்கும் கூலி மட்டும் ஒண்ணு.

நம்ம சென்னை ஐகோர்ட்டு விசயம் இன்னும் ருசி. மதுரைப் பக்கத்துலேருந்து ரெண்டு பொண்ணுங்க சேந்து வாழறோம்னு சென்னைக்குப் போயிடுச்சுங்க. பெத்தவங்க காணோம்னு போலீசுல எழுதி வெச்சாங்க, அதுங்க பாதுகாப்பு கேட்டுக் கோர்ட்டுக்குப் போச்சு. வழக்கு நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் கிட்ட வந்துது. அவரு என்னா பண்ணாரு தெரியுமா? எனக்கே இது முழுசா புரியலன்னு சொல்லி, ஒரு மனநல நிபுணர்கிட்ட மாணாக்கனாட்டம் ஒக்காந்து பாடம் கேட்டாரு. அதை மறைக்காம உத்தரவுலயே எழுதியும் வெச்சாரு. 2021 ஜூன் 7-ல தீர்ப்பு: மாத்தறேன் குணப்படுத்தறேன்னு எவனும் வைத்தியம் பண்ணக் கூடாது, பண்ணா லைசென்சுக்கு ஆபத்து. அடுத்த வருசம் தேசிய மருத்துவ ஆணையமும் அது தொழில் ஒழுங்கீனம்னு சொல்லிடுச்சு. அவ்வளவு சட்டம் படிச்ச மனுசன் 'தெரியல, சொல்லிக் குடுங்க'ன்னு கேட்டாரு. நீ எட்டாங்கிளாசுல நின்னவன், உனக்கு மட்டும் எல்லாம் தெரிஞ்சிடுச்சு.

'பின்ன எதனாலதான் இப்படி ஆவுது'ன்னு கேட்ட பாரு, அது நல்ல கேள்வி. எம்பேத்தி நர்சுக்குப் படிக்குதே, அதைக் கேட்டேன். செல்லப் பாத்து வரிசையா சொன்னுச்சு. 2019-ல கிட்டத்தட்ட 5 லட்சம் பேரோட மரபணுவ அலசிப் பாத்திருக்காங்க. இதுதான்னு கைய வெச்சுக் காட்ட ஒத்த மரபணு இல்ல. நெறய சேந்து ஆளுக்குக் கொஞ்சமா இழுக்குது, அதை வெச்சு ஒரு ஆளு இப்படின்னு முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. ஆவ, 'அவ வகையறாவுலதான் எவனோ இப்படி இருந்திருப்பான்'னு பொண்டாட்டி கிட்ட மல்லுக்கு நிக்கறத இன்னிக்கோட நிறுத்து.

அம்மா செல்லம் குடுத்துக் கெட்டான்னும் சொல்ல வழியில்ல, அதுக்கும் ஆதாரம் கெடைக்கல. ஆதாரம் கெடைச்சது வேற ஒண்ணுக்கு. ஒரே வயித்துல முன்னால ஆம்பளப் புள்ளைங்க பொறந்திருந்தா, ஒவ்வொரு அண்ணனுக்கும் பின்னால வர தம்பி இப்படி இருக்கிற வாய்ப்பு மூணுல ஒரு பங்கு கூடுதாம். கனடாவுல பிளான்சார்டுன்னு ஒருத்தரு கண்டு சொன்னது. தாயோட ஒடம்பு ஆண் கருவுக்கு எதிரா உண்டாக்குற ஏதோ சத்து காரணமா இருக்கலாங்கறாங்க. இவன் உனக்கு எத்தனாவது? மூணாவது. ரெண்டு பையன் ஆச்சு, ஒரு பொட்டப்புள்ள பொறக்கட்டும்னு அவ கெஞ்சுனப்போ, 'மூணாவதும் சிங்கம்தான்'னு மொட்டை போட்டுக்கிட்டு வந்தது யாரு? சாமி நீ கேட்டத அப்படியே குடுத்துச்சு. பயந்துக்காத, நூத்துக்கு ரெண்டு மூணு பேரா இருக்கறது நாலு பேருன்னு ஆவும், அவ்வளவுதான். ஊருல மூணாம் புள்ளைங்க முக்காவாசிக்கு மேல பொண்ணுங்க பின்னாலதான் சைக்கிள் மிதிக்குதுங்க.

எனக்கு இதெல்லாம் புதுசில்ல மாப்ள, நான் செம்மறி மேய்ச்சவன். எங்க பட்டியில ஒரு கெடா இருந்துது. கொம்பு ரெண்டும் சங்கு மாதிரி, ஒடம்பு தேரு மாதிரி. பெட்டையாடு சுத்திச் சுத்தி வரும், அது திரும்பிக்கூடப் பாக்காது. பக்கத்துல நிக்கிற கெடா மேலதான் கண்ணு. எங்கப்பன் மொளகு வெச்சுப் பாத்தாரு, வேப்பெண்ணெய் ஊத்திப் பாத்தாரு, கெடா அசையல. பேத்தி சொல்லுது, அமெரிக்காவுல ஓரிகன் பக்கம் ரோசெல்லின்னு ஒருத்தரு இதையே வருசக்கணக்கா ஆராஞ்சாராம். நூறு கெடாவுல ஏறக்கொறைய எட்டு, பெட்டை பக்கத்துல நின்னாலும் கெடாவைத்தான் தேடுதாம். மூளையில ஒரு சின்ன முடிச்சு, மத்த கெடாவுக்கு இருக்கறதவிட இதுங்களுக்குச் சிறுசா இருக்குன்னு 2004-ல எழுதியிருக்காரு. மனுசனும் ஆடும் ஒண்ணுன்னு நான் சொல்லல. சினிமா பாத்து, செல்லு பாத்து, வெளிநாட்டு மோகத்துல கெட்டான்னியே, எங்க பட்டியில செல்லு ஏது, நெட்டு ஏது?

இனி மூணாவது யோசனை. இதுல எனக்குக் கிண்டல் வரல. கூத்தாண்டவருக்குக் கழுத்து நீட்டறவனுக்கு மறுநா அறுத்துடுவாங்கன்னு தெரியும், தெரிஞ்சேதான் நீட்டறான். சின்னசேலத்துப் பொண்ணுக்கு யாராவது சொன்னீங்களா? அது கலர் கலரா சீலை கட்டிக்கிட்டு, புருசன் கூடவே இருந்தும் அறுத்தவளாட்டம் இருக்கும். ரெண்டு வருசம் கழிச்சு 'என்னாடி விசேசம் ஒண்ணுங்காணோம்'னு உம்பொண்டாட்டியே அதைக் கேப்பா. புள்ளையில்லன்னு அதைத்தான் அரசமரம் சுத்த வுடுவீங்க. உம்மவனுக்கு வியாதின்னு சொன்னியே, அடுத்த வூட்டுப் பொண்ண மருந்தா அரைச்சுக் குடுக்கப் பாத்தியே, அதுக்கு எந்தக் கோயில்லடா பரிகாரம் இருக்கு?

பூட்டி வெச்சு வழிக்குக் கொண்டாரலாம்னும் பாக்காத. அவனுக்கு 24 வயசு. 2025 மே மாசம் சென்னை ஐகோர்ட்டுல ஒரு வழக்கு. வேலூர்ப் பக்கத்துப் பொண்ணு ஒண்ண, இன்னொரு பொண்ணோட இருக்குதுன்னு பெத்தவங்க வூட்டோட வெச்சிருந்தாங்க. கோர்ட்டு அதை விடுவிச்சுது. இப்படிப்பட்டவங்க தாங்களா தேர்ந்தெடுத்துக்கிற குடும்பமும் குடும்பந்தான்னு சொல்லுச்சு. போலீசு வந்து நின்னா ஊரு என்ன சொல்லும்னு ரோசிச்சுக்க, உனக்கு ஊருதானே முக்கியம்.

அவன் ஓடிப் போயிடல, வெஷத்தக் குடிக்கல. நேரா வந்து உம்மூஞ்சியப் பாத்து சொன்னான். நம்ம வகையறாவுல அப்பன்கிட்ட நேருக்கு நேரு உண்மையச் சொன்ன ஆம்பள அவன்தான் மொத ஆளு. நீ சீட்டுக்கட்டுன பணத்த எங்க வுட்டேன்னு உங்கப்பன்கிட்ட இன்னி வரைக்கும் சொல்லல.

சின்னசேலத்துக்கு இன்னிக்கே போன் போடு. காரணம் கேட்டா பையனுக்கு இஷ்டமில்லன்னு சொல்லு. அது நெசந்தான், அதுக்கு மேல சொல்றதுக்கு அவன் உத்தரவு இல்லாம உனக்கு வாயில்ல. போன்ல சொல்றது மரியாதையில்லன்னா நேர்ல போலாம், நானும் வரேன். பஸ்ஸு டிக்கெட்டு உன்னுது. குறிசொல்லிக்குன்னு முடிஞ்சு வெச்சிருக்கியே ரூவா, அதுல எடு. மீதிக்குத் திரும்பி வரும்போது கள்ளக்குறிச்சியில எறங்கி ஆட்டுக்கறி பிரியாணி. எனக்கு எலும்பு வேணாம், பல்லு இல்ல.