பூட்டில் சிக்கிய ஒரே ஆள்

எங்கள் வீட்டுக்கு இதுவரை திருடன் வந்ததில்லை. அதற்காகப் பூட்டுகள் சும்மா இருந்தன என்று சொல்ல முடியாது. மூன்று பூட்டுகள் என்னை மடக்கியிருக்கின்றன.

முதலாவது, அப்பா வாங்கிய திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு 2019-இல்தான் கிடைத்தது. அப்பா அதற்கு முப்பது வருஷம் முன்பே கொடுத்துவிட்டார். "ஏழு லிவர்டா" என்பார், ஏழு ஏக்கர் நஞ்சை மாதிரி. லிவர் என்பது உள்ளே அடுக்கியிருக்கும் தகடு. சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒரு தகடு கொஞ்சம் ஏறியோ இறங்கியோ நின்றாலும் பூட்டின் நாக்கு நகராது. இவ்வளவு இருந்தும் அப்பா பூட்டியபின் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காவது முறையும் இழுப்பார்.

அந்தச் சாவியை நான் பஸ்ஸில் தொலைத்தேன். வந்த பூட்டு ரிப்பேர்க்காரர், "திண்டுக்கல் பூட்டா? இதுல கை வைக்க மாட்டேன் சார்" என்று மரியாதையாக ஒதுங்கி, இரண்டே நிமிஷத்தில் நாதாங்கியை அறுத்தார். ஏழு லிவரும் இருபது ரூபாய் நாதாங்கியை நம்பித் தொங்கிக்கொண்டிருந்தது அன்றுதான் தெரிந்தது. கதவு திறந்தது, பூட்டு திறக்கவில்லை. இன்றும் அலமாரியில் அறுந்த நாதாங்கியைக் கவ்வியபடி இருக்கிறது.

அடுத்து, கதவோடு பதித்த சிலிண்டர் பூட்டு. அமெரிக்காவின் லினஸ் யேல் 1865-இல் காப்புரிமை வாங்கியது; ஆனால் அதன் சூட்சுமம் பழைய எகிப்தின் மரப் பூட்டிலேயே உண்டு. சிலிண்டருக்குள் குட்டிக் குட்டி ஊசிகள், ஒன்றின்மேல் ஒன்றாக ஜோடி ஜோடியாக ஸ்பிரிங்கில் நிற்கும். சரியான சாவி நுழைந்தால் எல்லா ஜோடியும் பிரியும் இடம் ஒரே கோட்டில் வந்து நிற்கும், சிலிண்டர் சுழலும். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் என்று கடைக்காரர் இதைச் சிறப்பாகச் சொல்லி விற்றார்.

ஒரு காலை, லுங்கியோடு பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்தேன். காற்று வந்தது. அந்தச் சிறப்பு விளங்கியது. மனைவி ஊரில், போனும் சாவியும் உள்ளே. எதிர்வீட்டு மாமி, "என்ன தம்பி, வாசல்ல நிக்கறே?" என்றார். "காத்து வாங்கறேன் மாமி" என்றேன். பொய்யில்லை.

மூன்றாவது, பெட்டியின் நம்பர் பூட்டு. மூன்று சக்கரம், 000 முதல் 999 வரை ஆயிரம் வாய்ப்பு. சக்கரங்களில் உள்ள வெட்டுகள் மூன்றும் ஒரே வரிசையில் வந்தால்தான் பிடி விடும். மறக்கவே கூடாதென்று கல்யாணத் தேதியையே வைத்தேன். ஒரு நாள் 119 என்று வைத்தேன், திறக்கவில்லை. "மட்டமான பூட்டு, கெட்டுப் போச்சு" என்று மனைவியிடமே புகார் சொன்னேன். அவள் பேசாமல் வந்து 129 என்று வைத்தாள். திறந்தது. பெட்டி மட்டும்தான். அவள் வாய் திறக்க இரண்டு நாள் ஆனது.

பூட்டோடு போராடியது நான் மட்டுமில்லை. லண்டனில் ஜோசப் பிரமா என்பவர், இதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று ஒரு பூட்டைக் கடை ஜன்னலில் வைத்தார். பல பத்தாண்டுகள் அது யாருக்கும் அசையவில்லை. 1851-இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 16 நாளில் 51 மணி நேரம் மல்லுக்கட்டித் திறந்தார். அவருக்குப் பரிசாவது கிடைத்தது.

இத்தனை பட்ட பிறகு, மாற்றுச் சாவி ஒன்றை எதிர்வீட்டு மாமியிடம் கொடுத்து வைத்தேன். போன வாரம் மறுபடி வெளியே மாட்டிக்கொண்டபோது தைரியமாக அவர் வீட்டு வாசலுக்குப் போனேன். மாமி ஊருக்குப் போயிருந்தார். கதவில் திண்டுக்கல் பூட்டு.

நீங்களும் மாற்றுச் சாவி கொடுத்து வையுங்கள். ஊருக்குப் போகாத ஆளாகப் பார்த்துக் கொடுங்கள்.