செத்த அடாப்டர்: தகடூர் வழக்காறு குறித்து ஓர் ஆய்வு

செட்டாப் பாக்ஸின் அடாப்டர் செத்தால் அதை ரிப்பேர் செய்வதா, புதுசு வாங்குவதா என்ற வினா தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் முதல் அரூர் வரை வீட்டுக்கு வீடு எழுவது. பல்கலைக்கழகங்கள் கண்டுகொள்ளாத இந்தக் குறையை இக்கட்டுரை நீக்க முற்படுகிறது.

இவ்விஷயத்தில் மூன்று பள்ளிகள் உண்டு: தட்டுவோர், திறப்போர், மாற்றுவோர். தட்டுவோரே மூத்தோர். சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்றால் பிளக்கைப் பிடுங்கிச் சொருகுவார்கள். அடாப்டரைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். ஒயரை ஒரு தினுசாக வளைத்து அதன்மேல் தீப்பெட்டியைப் பாரம் வைப்பார்கள். ஒயர் உள்ளே அறுந்திருந்தால் இது பலிக்கும். என்றோ ஒருநாள் பலித்ததை வைத்துத்தான் பள்ளி இன்றும் நடக்கிறது.

பிளந்து ரிப்பேர் செய்யும் திறப்போருக்குச் சங்க இலக்கியச் சான்றே இருக்கிறது. தகடூர் அதியமானுக்காகக் காஞ்சித் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், புறநானூற்றின் 95ஆம் பாட்டில் இரு தரப்புப் படைக்கலங்களையும் ஒப்பிடுகிறார். தொண்டைமானுடையவை நெய் பூசி, மாலை சூட்டி, காவல் மனையில் இருக்கின்றன. அதியமானுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் இகழ்ந்தது என்று தமிழாசிரியர்கள் விளக்குவார்கள். விளக்கட்டும். நம் துறைக்கு வேண்டியது வேறு: காஞ்சிக்காரரின் சாமான் ஷோரூமில் நின்றது, தகடூர்க்காரரின் சாமான் ரிப்பேருக்குப் போனது. தகடூர்தான் இன்றைய தருமபுரி என்பதால் ரிப்பேர் கட்சிக்கு இது சொந்த ஊர்.

நோய்க்கூறு எளியது. 230 வோல்ட் உள்ளே நுழைந்ததும் ஏறக்குறைய 325 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாறி, பிறகு 12 வோல்ட்டாக இறங்கி வெளியே வருகிறது. பெரும்பாலும் சாவது வெளிவாசலில் நிற்கும் கெப்பாசிட்டர். பக்கத்திலேயே டயோடு கொதித்துக்கொண்டிருக்கும். சூடு பத்து டிகிரி ஏற ஏறக் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதி பாதியாகக் குறையும். தகர ஷீட் போட்ட வீட்டில், சித்திரை மாதத்தில், டிவிக்குப் பின்னால் காற்றில்லாமல் தொங்கும் அடாப்டரின் கதியை வாசகரே ஊகிக்கலாம். செத்த கெப்பாசிட்டரின் தலை அமாவாசைக்கு உடைத்த பூசணிபோலக் கீறிய கோட்டில் பிளந்து உப்பியிருக்கும். சில சமயம் வெளியே ஒன்றும் தெரியாது. மல்டிமீட்டரில் சரியாக 12 காட்டும். பாக்ஸை மாட்டினால் பொத்தென்று விழும். பாக்ஸ் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

வீடியோ கேம் கடை எந்திரங்களுக்கும் இதே வியாதிதான். 1985இல் ஜப்பானில் வந்த ஜாமா இணைப்பு முறையில் பலகைக்கு முக்கியமாக 5 வோல்ட் வேண்டும். அது கொஞ்சம் தளர்ந்தாலும் ஆட்டம் பாதியில் அறுந்து முதலிலிருந்து வரும். அங்கே சப்ளையில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது, திருகினால் வோல்ட் ஏறும். கெப்பாசிட்டர் செத்திருக்கையில் அதைத் திருகுவது தட்டுவோர் பள்ளியின் வெளிநாட்டுக் கிளை.

கெப்பாசிட்டர் விலை சில ரூபாய்தான். திறப்பதில்தான் சங்கடம். அடாப்டரில் திருகாணி கிடையாது. மேலோட்டை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். மெக்கானிக் அதை வைஸில் இறுக்கி, ஒட்டின கோட்டில் ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியால் மெல்லத் தட்டிப் பிளக்கிறார். மாற்றிய பிறகு நேராக மெயினில் சொருகாமல் சீரிஸ் பல்பு வழியாக மின்சாரம் விடுகிறார். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே இன்னும் ஷார்ட். லேசாகச் சிமிட்டி அணைந்தால் பிழைத்தது. ஆள் கூலியைக் கேட்டால் புது அடாப்டர் நியாயமாகத் தெரியும். மத்திய அரசு 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு போட்டு, அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. ஒட்டின ஓடு அதைப் படித்ததாகத் தோன்றவில்லை.

ஆனால் தீர்ப்பை விலை எழுதுவதில்லை, பொழுதுதான் எழுதுகிறது. இது இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு. காலை பதினொரு மணிக்குச் செத்த அடாப்டர் ரிப்பேருக்குப் போகும். மாலை ஏழுக்குச் செத்தது போகாது. கடையில் நடக்கும் உரையாடல் இது:

“அக்கா, கெப்பாசிட்டர்தான் போயிருக்கு. நாளைக்குக் காலையில போட்டுத் தரட்டுமா?”

“நாளைக்கா? நாடகம் ஆரம்பிக்கப் போகுதுப்பா. புதுசே குடு.”

மாற்றுவோர் பள்ளியின் முழுத் தத்துவமும் இவ்வளவே. இவர்களுக்கு ஒரு விதி மட்டும் சொல்லலாம்: வோல்ட் பழையதற்குச் சரியாக ஒத்திருக்க வேண்டும், ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது. முனையில் கூட்டல் உள்ளேயா வெளியேயா என்பதைச் சின்னப் படம் போட்டிருப்பார்கள், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாற்றிப் போட்டால் அடுத்த ஆய்வு செட்டாப் பாக்ஸைப் பற்றியதாகிவிடும்.

பழைய அடாப்டரின் ஒயரை வெட்டி எடுத்து வைத்துக்கொள்வதில் மட்டும் மூன்று பள்ளிகளும் ஒன்று. எதற்கு என்று கேட்டால் மூன்றிலும் ஒரே பதில்: “இருக்கட்டும்.”