உள்வாடகைக் கணினி

எட்டு ஜிபி ரேமில் குரோமைத் திறந்தாலே மின்விசிறி அலறுகிறது. அந்தக் கணினிக்குள் இன்னொன்றை, அதாவது ஒரு மெய்நிகர் கணினியை, உள்வாடகைக்கு வைக்க ஆசைப்படுகிறவர்கள் நம்மில் உண்டு. தப்பில்லை. யாரிடம் போவது என்பதில்தான் கூத்து.

விண்டோஸிலேயே இதற்கான ஹைப்பர்-வி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, புரோ பதிப்பில். ‘ஹோம்’ என்று பெயர் வைத்து விற்கிற பதிப்பில் கிடையாது. வீட்டிலிருப்பவர்களுக்கு ஒரு கணினி போதும் என்பது மைக்ரோசாஃப்டின் கணக்கு போலும்.

விர்ச்சுவல்பாக்ஸ் திறமூலம், இலவசம். 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. 2010-இல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. துணைக்கு வரும் எக்ஸ்டென்ஷன் பேக் மட்டும் வணிக உபயோகத்துக்குச் சும்மா கிடைக்காது. ஆபீஸ் மடிக்கணினியில் போட்டுவிட்டு ஆரக்கிளிடம் அப்பாவி முகம் காட்டிப் பயனில்லை.

விஎம்வேர் கதை இன்னும் ருசி. காலமெல்லாம் காசு கேட்ட வொர்க்ஸ்டேஷன் புரோவை, கம்பெனி பிராட்காம் கைக்கு மாறியபின், 2024 நவம்பரில் எல்லோருக்கும் இலவசம் என்றார்கள். விலைதான் இல்லை. பதிவிறக்க வேண்டுமானால் பிராட்காம் தளத்தில் கணக்குத் தொடங்கிவிட்டு வர வேண்டும்.

லினக்ஸ்காரர்கள் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார்கள். 2007 முதலே இதே வேலையைச் செய்யும் கேவிஎம் அவர்களுடைய கெர்னலுக்குள் இருக்கிறது. அதை அவர்கள் நமக்கு விளக்கத் தொடங்காதவரை நல்லது.

எதை நிறுவினாலும் பல கணினிகளில் முதலில் வருவது ‘விடி-எக்ஸ் முடக்கப்பட்டுள்ளது’ என்ற அறிவிப்பு. செயலியின் அந்த மெய்நிகராக்க வசதியைப் பயாஸில் போய் இயக்க வேண்டும். அதற்கு அழுத்த வேண்டியது எஃப்2-வா, டெலீட்டா என்பது மதர்போர்டு செய்தவனுக்கே வெளிச்சம்.