கொலை எழுதும் தம்பிமாருக்கு

வாங்க தம்பி, இப்படி வாங்குல உக்காருங்க. கண்டி டவுனுல துப்பறியும் கதை எழுதுறவங்கல்லாம் ஒண்ணு சேந்திருக்கீங்களாம். மாசம் ஒரு நிபுணரைக் கூட்டியாந்து பேச வைக்கப் போறீங்களாம். கேட்டதுமே எனக்குப் பூரிச்சுப் போச்சு. இந்த ஊருல நெசமாவே கொலை செஞ்சவனுக்குக்கூட இவ்வளவு படிப்புச் சொல்லித்தர ஆள் கிடைச்சிருக்க மாட்டாங்க.

பட்டியலையும் பாத்தேன். சட்ட வைத்திய அதிகாரி, பொலிஸ் அத்தியட்சகர், பேர் போன வக்கீல், பேராதனைப் பேராசிரியர். பெரிய மனுசங்க ஒருத்தரையும் விடல. பொன்னாடை எத்தனை, ரோல்ஸ் எத்தனை, பட்டிஸ் எத்தனைன்னு ஒரு தாள் நிறைய எழுதியிருக்கு. நிபுணர்கிட்ட என்ன கேக்கப் போறீங்கன்னு மட்டும் ஒரு வரி காணோம்.

பரவாயில்ல, என்ன கேப்பீங்கன்னு எனக்குத் தெரியும். சங்கர்லாலைப் படிச்சு வளந்த வீட்டுப் பிள்ளைங்க நீங்க. தமிழ்வாணன் படைச்ச அந்த மனுசன் ஒரு கோப்பை தேத்தண்ணி குடிச்சா எப்பேர்ப்பட்ட முடிச்சும் அவுந்துரும். அந்தக் கொழுந்தை இங்க மழையில நனைஞ்சு கிள்ளின நாங்க காலம் பூரா குடிச்சோம், ஒரு கோழிக் கள்ளன்கூட ஆப்பிடல. எங்களுக்குத் தந்தது தூசித் தூளு, அதனால இருக்கும். அப்புறம் சுஜாதா வந்தாரு, கணேஷ் வந்தாரு, வசந்த் வந்தாரு. தேத்தண்ணி போய் விஞ்ஞானம் வந்துச்சு. ஆகவே வைத்தியர் எழுந்து நின்னதுமே உங்கள்ல ஒருத்தர் கைதூக்கிக் கேப்பாரு: "ஐயா, செத்து எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு துல்லியமாச் சொல்லிருவீங்கதானே?"

இந்த ஒத்தைக் கேள்வியை வச்சுக்கிட்டு இலங்கை முழுக்க மல்லுக்கட்டின காலம் ஒண்ணு இருந்துச்சு. மகாதேவ சதாசிவம்னு கிரிக்கெட் ஆட்டக்காரர். 1947ல சேப்பாக்கத்துல 215 ஓட்டம் அடிச்சவரு. 1948ல பிராட்மன் அணி கொழும்புல இறங்கி ஆடினப்போ நம்ம பக்கம் தலைவர் அவர்தான். 1951 அக்டோபர் 9ஆந் தேதி பம்பலப்பிட்டி வீட்டுக் கராஜுல அவர் சம்சாரம் செத்துக் கிடந்தாங்க. புருசனைப் பிடிச்சு உள்ள போட்டாங்க. வீட்டுல வேலை செஞ்ச பையனுக்கு மன்னிப்புக் கொடுத்து அரச தரப்புச் சாட்சியா ஏத்தினாங்க. சதாசிவம் காலையில வாடகைக் கார் வரவழைச்சு வீட்டை விட்டுப் போயிருந்தாரு. அந்தக் கார் புறப்படறதுக்கு முந்தி அந்தம்மா செத்தாங்களா, பிந்திச் செத்தாங்களா? ஒரு மனுசன் கழுத்து அந்தக் கணக்குலதான் தொங்குச்சு.

பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம் நேரத்தைக் கணக்குப் போட்டாரு. அந்தக் கணக்கு எதிரி தரப்புக்கு, அதாவது சதாசிவத்துக்குச் சாதகமா விழுந்துச்சு. வைத்தியருக்கு வைத்தியர் மாறுபட்டாங்க. எதிரி தரப்புல எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி ஸ்மித்தையே வரவழைச்சாங்க. உலகத்துல அப்ப அந்தத் துறையில அவருக்கு மேல ஆள் சொல்றது கஷ்டம். கடைசியில 1953ல ஜூரிமார் சதாசிவத்தை விடுதலை பண்ணினாங்க. ஸ்மித்து ஊருக்குப் போய்ப் புஸ்தகம் எழுதினாரு, இந்த வழக்குக்கும் அதுல இடம் வச்சாரு. பாத்தீங்களா தம்பி, நிபுணர் பேச்சுக்கு மட்டும் வரமாட்டாரு, கதையையும் கையோட எடுத்துக்கிட்டுப் போயிருவாரு.

டி சேரம் அதோட விடல. வெப்ஸ்டர், கதிர்காமத்தம்பின்னு ரெண்டு பேரைச் சேத்துக்கிட்டு, தூக்குல போட்ட கைதிகளோட உடம்பு எப்படிச் சூடு இறங்குதுன்னு அளந்து 1955ல கட்டுரை போட்டாரு. ஏன் தூக்குக் கைதி? செத்த நேரம் நிமிசக் கணக்குல தெரிஞ்ச சாவு அது. அரசாங்கம் நேரந்தவறாம செஞ்ச வேலைகள்ல அதுவும் ஒண்ணு. 1976க்குப் பிறகு அதையும் செய்யறதில்ல.

இதுல உங்களுக்கு என்ன இருக்குன்னு கேளுங்க. இங்கிலீஷ் நாவலைப் பாத்து "மணிக்கு ஒண்ணரை டிகிரி பாரன்ஹீட் இறங்கும்"னு எழுதுறீங்கள்ல, அது அவங்க ஊர்க் கணக்கு. உடம்புச் சூடு 37 செல்சியஸ். கொழும்புல பகல் காத்தே 30க்குக் கிட்ட நிக்குது. இறங்க இடமே ஏழு டிகிரிதான், பொணம் ஆறுதலா ஆறும். அதே ஆளை நுவரெலியாவுல தை மாசத்து ராத்திரி வெளிய போட்டா மளமளன்னு இறங்கிரும். நம்ம கண்டி நடுவுல கிடக்கு. மெலிஞ்சவனா, கம்பளி போத்தியிருந்தானா, ஈரத் தரையா, காத்தடிச்சுதான்னு ஒவ்வொண்ணுக்கும் கணக்கு மாறும். அதனால நேரத்தைக் கேக்காதீங்க. "ஐயா, எந்த வழக்குல நீங்க சொல்லத் தயங்கினீங்க"ன்னு கேளுங்க. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாருன்னா உங்களுக்கு ஒரு நாவல் கிடைச்சாச்சு.

அடுத்தது உங்க பூட்டின அறைக் கொலை. உங்க வட்டத்துல பாதிப் பேருக்குக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கணும், ஜன்னல்ல கம்பி இருக்கணும், கொலைகாரன் காத்தா மறைஞ்சிருக்கணும். வெளிநாட்டுல இருந்து இறக்குமதி பண்ணுவானேன்? டவுன் நடுவுல போகம்பரை இருக்கு. 1876ல கட்டின சிறைச்சாலை, 2014ல கைதிகளைப் பல்லேகலைக்கு ஏத்தி விட்டுட்டு மூடினாங்க. ரெண்டாம் உலக யுத்த காலத்துல சமசமாஜக் கட்சித் தலைவர்கள் பிலிப் குணவர்தன, என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி நாலு பேரையும் அங்க அடைச்சு வச்சிருந்தான் வெள்ளைக்காரன். 1941 ஏப்ரல்ல அவங்க கட்சி மாநாடு ரகசியமா இதே கண்டியில நடந்துச்சு. உள்ள இருந்தவங்க ராத்திரி வெளிய வந்து மாநாட்டுல கலந்துக்கிட்டு, விடியறதுக்குள்ள திரும்பச் சிறைக்குள்ள போய்ப் படுத்துக்கிட்டாங்க. மறு வருசம் ஏப்ரல் 5ஆந் தேதி ஈஸ்டர் ஞாயிறு ஜப்பான்காரன் கொழும்புல குண்டு போட்டான். 7ஆந் தேதி இவங்க வெளிய போனாங்க. அந்தத் தடவை திரும்பி வரல.

சூட்சுமம் என்ன தெரியுமா? சுரங்கமும் இல்ல, அரமும் இல்ல. சொலமன்னு ஒரு காவலர். இவங்க பேச்சு அவர் மனசுல ஏறிப் போச்சு, அவரும் கூடவே போயிட்டாரு. பூட்டைப் பத்தி ஆராய்ச்சி பண்ற நேரத்துக்கு, சாவிக்காரனுக்கு என்ன சம்பளம், யார் மேல கோபம்னு கேட்டிருந்தா உங்க கதை பத்துப் பக்கம் குறைஞ்சிருக்கும். ஓய்வு எடுத்த சிறைக் காவலர்கள் இந்தச் சுத்துவட்டாரத்துல நிறைய இருக்காங்க. உங்க பட்டியல்ல ஒருத்தரும் இல்ல. பொன்னாடை போத்துனா எடுப்பா இருக்காதுன்னு விட்டுட்டீங்க போல.

சிறையை விட்டு ஓடின அந்தக் கொல்வின்தான் பதினொரு வருசம் கழிச்சு சதாசிவத்துக்காக வாதாடினவரு. 1972ல இந்த நாட்டுக்கு அரசியலமைப்பு தீட்டிக் கொடுத்தவரும் அவரே. இப்படி ஒரு ஆளை நீங்க கற்பனையில படைச்சா, நம்புற மாதிரி இல்லைன்னு பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிருவாரு.

பொலிஸ் அத்தியட்சகர் வரட்டும், வேணாம்னு சொல்லல. நல்லாப் பேசுவாரு, எல்லா வழக்கும் அவர் பேச்சுல துலங்கிரும். நீங்க போகவேண்டிய இடம் அஸ்கிரிய. பொலிஸ் நாய்ப் பிரிவுக்குத் தலைமை இடமே அங்கதான் இருக்கு, உங்க வீட்டுக் கொல்லையில! நாயைப் பிடிச்சுக்கிட்டு ஓடற பொலிஸ்காரரைக் கூப்பிடுங்க. மழை பெஞ்சா மோப்பம் என்னாகும், பார்க்க வந்த ஊர்ச் சனம் அம்புட்டும் காலால மிதிச்ச இடத்துல நாய் எப்படித் தடுமாறும், பாதி வழியில ஏன் உக்காந்துக்கும்னு அவர் சொல்வாரு. முடிஞ்சா நாயையும் கூட்டியாரச் சொல்லுங்க. அழைப்பிதழ்ல போட்ட நேரத்துக்குப் பேச்சை முடிக்கிற விருந்தாளி அது ஒண்ணுதான் இருக்கும்.

வக்கீல் விசயத்துல ஒரு சங்கதி. உங்களுக்கெல்லாம் மூத்தவர் ஒருத்தர் இதே கண்டியில இருந்தாரு: சித்திலெவ்வை. தொழில் புறக்டர். 1885ல 'அசன்பே சரித்திரம்' எழுதினாரு, இலங்கையில வந்த முதல் தமிழ் நாவல்னு படிச்சவங்க சொல்றது அதைத்தான். கதை என்ன? எகிப்துல பெரிய இடத்துக் குழந்தையைக் களவாண்டு பம்பாயில வளக்கறாங்க, பையன் தான் யாருன்னு தேடிப் போறான். களவு, மறைப்பு, தேடல். அப்பவே நம்ம ஊரு ஆரம்பிச்சு வச்சிருச்சு. அவர் எந்த நிபுணரையும் கூப்பிட்டுப் பொன்னாடை போத்தினதாத் தெரியல. பகல்ல நீதிமன்றத்துல நின்னாரு, அங்க வர்ற சனத்தோட வாயைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. நீங்களும் ஒரு நாள் கண்டி நீதவான் மன்றத்துல பின்வாங்குல போய் உக்காருங்க. டிக்கெட்டு இல்ல. செல்போனை மட்டும் அமத்தி வச்சிருங்க, இல்லாட்டி நீங்களே ஒரு வழக்கு ஆயிருவீங்க.

அங்க உக்காந்தா ஒருத்தரைப் பாப்பீங்க. நீதவானுக்கும் சாட்சிக் கூண்டுக்கும் நடுவுல நிப்பாரு. மொழிபெயர்க்கிறவரு, எங்க காலத்து ஆளுங்க முதலியார்னு மரியாதையாக் கூப்பிடுவோம். தம்பி, அவரைத்தான் நீங்க முதல்ல கூட்டியாரணும்.

ஏன்னு கேளுங்க. தோட்டத்துல ஒரு அடிதடி, ஒரு சாவுன்னு வச்சுக்குங்க. பாத்தவ ஒரு கொழுந்துக்காரி. பொலிஸ் நிலையத்துல உக்காத்தி வச்சுக் கேக்கறாங்க. அவ எப்படிச் சொல்வா? காலையில பெரட்டுக்குப் போனதுல ஆரம்பிப்பா, பிள்ளைக்காம்பராவுல சின்னதை விட்டதைச் சொல்வா, மழை வந்ததைச் சொல்வா, லயத்துப் பின்னால சத்தம் கேட்டதைச் சொல்வா, செத்தவனோட அப்பன் அவளுக்கு என்ன முறைன்னும் சொல்வா. எழுதற பொலிஸ்காரருக்குச் சிங்களம். பாதி புரியும், பாதி பக்கத்துல நிக்கிறவன் சொல்லணும். கடைசியில நாலு வரி சிங்களத்துல இருக்கும். வாசிச்சுக் காட்டினேம்பாங்க. அவ கையெழுத்து வைப்பா, இல்ல பெருவிரலை வைப்பா.

ரெண்டு மூணு வருசம் கழிச்சு வழக்கு வரும். அவ மறுபடி தமிழ்ல, மழையில இருந்து சொல்வா. பொலிசுக்குச் சொன்ன வாக்குமூலத்தைச் சாட்சியமா ஏத்துக்க முடியாது. ஆனா அன்னிக்கு ஒண்ணு சொல்லி இன்னிக்கு வேற சொல்றான்னு காட்ட அதை எடுக்கலாம். 1979ஆம் வருசத்துக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டம் அப்படித்தான் இருக்கு. எதிரி தரப்பு வக்கீல் அந்த நாலு வரியைத் தூக்கிப் பிடிச்சு, "அம்மா, மழையைப் பத்தி அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லலையே"ன்னு கேப்பாரு. அவ முழிப்பா. பொய்ச் சாட்சி ஆயிருவா. கொலை செஞ்சவன் சட்டையை உதறிக்கிட்டு இறங்கிப் போவான். உங்க கதையில கத்தி காணாமப் போகுது, கடிதம் காணாமப் போகுது. நம்ம பக்கத்துல காணாமப் போறது அவ சொன்ன மழை. அது எங்க போச்சுன்னு துப்பறிய இன்னும் ஒருத்தரும் கிளம்பல.

1956ல நாடாளுமன்றத்துல, ஒரே மொழின்னு பிடிவாதம் பிடிச்சா நாடு ரெண்டாகும்னு எச்சரிச்சவர் அதே கொல்வின். 1972ல அவர் தீட்டின அரசியலமைப்புல சிங்களம் மட்டுமே அரச மொழி. தமிழையும் அரச மொழின்னு எழுத 1987ல பதின்மூணாவது திருத்தம் வரவேண்டியிருந்துச்சு. மறு வருசம் வந்த பதினாறாவது திருத்தத்துல நீதிமன்ற மொழியைப் பத்தியும் எழுதினாங்க. எழுத்துல எல்லாம் சரியா இருக்கு. கூண்டுக்குப் பக்கத்துல நிக்கிற அந்த ஒத்தை மனுசன் இன்னிக்கு லீவு போட்டிருந்தா வழக்கு அடுத்த தவணைக்குப் போயிரும், அவ்வளவுதான்.

அந்த முதலியார்கிட்ட, வாதம் கேக்காதீங்க, தீர்ப்பு கேக்காதீங்க. சாட்சி அழுதா அதை எப்படி மொழிபெயர்ப்பீங்கன்னு கேளுங்க. சாட்சி கெட்ட வார்த்தை பேசினா அப்படியே சொல்வீங்களா, பாலிஷ் போடுவீங்களான்னு கேளுங்க. பொய் சொல்றான்னு உங்களுக்கே தெரிஞ்சும் அதே குரல்ல திருப்பிச் சொல்றப்போ என்ன செய்யும்னு கேளுங்க. மூணு கேள்வி போதும். வழக்கு நடக்கறவங்க பேரை மட்டும் கேட்டுத் தொந்தரவு பண்ணாதீங்க.

நாளைப் பாத்து வைங்க. எசல பெரஹரா நடக்கற நாள்ல கூட்டம் வச்சா நிபுணரும் வரமாட்டாரு, பஸ்ஸும் வராது. பெரிய கூட்டத்துல யாரு எங்க நின்னாங்கன்னு எவனும் சொல்ல முடியாதுங்கற ஒரு நல்ல கதைக்கரு மட்டும் மிஞ்சும். கிழமை நாள்ல வைக்கறதா இருந்தா நீதிமன்றம் கலைஞ்ச பிறகு வைங்க. நன்றியுரைக்கு இருபது நிமிசம் போட்டிருக்கீங்க, அதை ரெண்டாக் குறைங்க. மேடையில பேசறதெல்லாம் அவங்க மேலதிகாரி கேட்டாலும் பாதகமில்லாத பேச்சுதான். கூட்டம் முடிஞ்சு, பட்டிஸைக் கடிச்சுக்கிட்டு, கலஹா பஸ்ஸுக்கோ கம்பளை பஸ்ஸுக்கோ பாத்துக்கிட்டு நிக்கிறப்போதான் வாயைத் திறப்பாங்க. அந்த நேரம் உங்கள்ல ஒருத்தர் மட்டும் பக்கத்துல நில்லுங்க. பேனாவை வெளிய எடுக்காதீங்க. பஸ் வந்தா, கூடவே ஏறிருங்க.