சிறுவிமானம் தெரிதல்: சேலம் – நாமக்கல் சமவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

வீட்டுக் கணினியில் விமானம் வைத்திருப்போர் இருவகைப்படுவர்: ஓட்டுவோர், வாங்குவோர். ஓட்டுவோர் ஒரே விமானத்தில் பல ஆண்டு பறப்பர். வாங்குவோர் பல விமானங்களில் ஒவ்வொரு முறை பறப்பர். இரண்டாம் வகையினர் தொகையில் மிக்கவர், விற்பவரால் போற்றப்படுபவர், வீட்டாரால் அவ்வளவாகப் போற்றப்படாதவர். அவர்க்கு உதவும் இலக்கணம் ஒன்று தமிழில் இல்லாத குறை நீக்கவே இவ்வாய்வு.

முதலில் பொருள் வரையறை. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன் முதலிய மென்பொருள்களை வாங்கினால் சில விமானங்கள் கூடவே வரும். அவை போதாது என்று நள்ளிரவில் தோன்றும்போது, தனியாகக் காசு கொடுத்து வாங்கிச் சேர்ப்பது ஆட்-ஆன் எனப்படும். இங்கே எடுத்துக்கொண்டவை சிறுவிமானங்கள் மட்டும்: ஒற்றை இன்ஜின், முன்னால் ஒரு விசிறி, நாலு பேருக்கு இடம். போயிங், ஏர்பஸ் வாங்குவோரின் மனநிலைக்குத் தனி ஆய்வேடு வேண்டும். தனி மருத்துவரும் வேண்டியிருக்கலாம்.

விலை பதினைந்து டாலரில் தொடங்கி ஐம்பதைத் தொடும். டாலர் என்னும் அலகு நாமக்கல் மாவட்டத்தாரின் நெஞ்சில் தைப்பதில்லை என்பதால் முட்டைக்கு மாற்றினோம். பண்ணை விலை முட்டை ஐந்து ரூபாய் என்று கொண்டால், 4,200 ரூபாய் விமானம் 840 முட்டை. அதாவது 28 ட்ரே. (முட்டை ஒருங்கிணைப்புக் குழுவான நெக் அறிவிக்கும் முட்டை விலை நாள்தோறும் மாறுவதால் விமானத்தின் விலையும் மாறும். ஆய்வாளர் பொறுப்பல்லர்.) 28 ட்ரே முட்டையைத் திண்ணையில் அடுக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்றால் பாதிப் பேர் பின்வாங்கிவிடுவர். ஆய்வின் முதல் முடிவு இது, செலவில்லாமலே கிடைத்தது.

களம் சேலம் விமான நிலையம். ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் இருக்கிறது. பன்னாட்டுக் குறியீடு விஓஎஸ்எம். ஓடுதளம் 04/22, நீளம் 1,806 மீட்டர், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,000 அடி. கிங்ஃபிஷர் வந்தது, போனது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தின் கீழ் ட்ரூஜெட் வந்தது, அதுவும் போனது. 2023 அக்டோபரில் சேவை மறுபடி தொடங்கியது. சிமுலேட்டரில் மட்டும் இந்நிலையம் ஒருநாளும் விமானமின்றிக் கிடந்ததில்லை. மேற்கே முப்பது கிலோமீட்டருக்குள் மேட்டூர் நீர்த்தேக்கம். கிழக்கே பதினைந்து கிலோமீட்டரில் ஏற்காடு. தெற்கே அறுபது சொச்சம் கிலோமீட்டரில் நாமக்கல் கோட்டைப் பாறை, அதற்கும் கிழக்கே கொல்லிமலை. சேலத்துக்கும் ஓமலூருக்கும் நடுவே மாக்னசைட் வெட்டிய வெள்ளைப் பள்ளங்கள் மேலிருந்து பளிச்சென்று தெரியும். அதை வைத்தே வழி கண்டுபிடிக்கலாம். ஜிபிஎஸ் வைத்திருப்பவர்களும் வழி தவறத்தான் செய்கிறார்கள்.

திணைப் பகுப்பு இல்லாமல் தமிழில் ஆய்வு செல்லாது. நிலமும் பொழுதும் ஆகிய முதற்பொருளைச் சிமுலேட்டரே தருகிறது. கருப்பொருள் ஆட்-ஆன். உரிப்பொருளாவன: பணம் கையை விட்டுப் பிரிதல், பாலை. பதிவிறக்கம் முடியும்வரை ஆற்றியிருத்தல், முல்லை. மாதக் கடைசியில் கார்டு பில் வந்ததும் வீட்டில் நிகழ்வது ஊடல், மருதம். தரை தொட இருநூறு அடி இருக்கையில் கரண்ட் போனால் இரங்கல், நெய்தல். குறிஞ்சிக்குரிய புணர்தல் சேர்வராயன் மலைக்கும் விமானத்துக்கும் இடையே நிகழ்வது, தொடக்கநிலையாளரிடம் மிகுதி.

முன்னோர் ஆய்வுகளில் தலையாயது சீவக சிந்தாமணி. மன்னன் சச்சந்தன், கருவுற்ற தேவி விசயைக்காக மயிற்பொறி செய்வித்தான். அதைச் செலுத்த அவளுக்கே பயிற்சியும் தந்தான். வலப்புறம் திருகினால் ஏறும், இடப்புறம் திருகினால் இறங்கும். ஒருவர் அமரும் சிறுவிமானம், விமானி ஒரு பெண், பறக்குமுன் முறையான பயிற்சி: திருத்தக்கதேவர் இவ்வளவையும் பதிவு செய்திருக்க, சிமுலேட்டரின் வரலாற்றை 1982இல் வந்த மைக்ரோசாஃப்ட் முதல் பதிப்பிலிருந்து தொடங்குவோரின் கல்வி குறையுடையதே. காவியத்தில் நமக்கு மிக வேண்டிய செய்தி அடுத்து வருகிறது. பகைவனின் வெற்றி முரசம் கேட்டு விசயை மயங்குகிறாள், கை தளர்கிறது, பொறியோ தலைகுப்புற விழாமல் தானே இறங்கிச் சுடுகாட்டில் அமர்கிறது. கை விட்டபின்னும் நிலை குலையாத விமானம் நல்ல விமானம் என்னும் தேர்வு விதி இங்கேயே இருக்கிறது. இறங்கிய இடத்தைத் தேவர் சிறப்பித்துச் சொன்னாரே தவிர, அவசரமாக இறங்குவோருக்கு இடம் தேரும் உரிமை இல்லை என்பதை உரைகாரர் எவரும் எடுத்துக்காட்டவில்லை.

இனி முறைமை. மேலைநாட்டு மதிப்புரைகள் காக்பிட்டின் தோல் இருக்கை, தகட்டில் அடித்த ரிவெட், கண்ணாடியில் விழும் மழைத்துளி எனத் தொடங்கும். நாமக்கல்லில் பழைய லாரி வாங்குவோர் இதைக் கேட்டால் சிரிப்பர். ‘பெயின்ட்ட பாக்காதீங்கண்ணா, பானட்ட தொட்டுப் பாருங்க’ என்பதே அவர்தம் முதல் நூற்பா. வண்டி பார்க்க வருவதாகச் சொன்னால், விற்பவர் காலையிலேயே இன்ஜினை ஓட்டிச் சூடேற்றி வைத்திருப்பார். பானட் சூடாக இருந்தால் சந்தேகம். குளிர்ந்த இன்ஜினை அங்கேயே ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் புகையின் நிறம் பார்ப்பது, ஆயில் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன் அடிக்கிறதா என்று கை வைத்துப் பார்ப்பது, ஸ்டீயரிங்கில் ப்ளே தேடுவது, கடைசியில் மேட்டில் ஏற்றிப் புல்லிங் பார்ப்பது. இவ்வரிசையை அப்படியே விமானத்துக்குப் பெயர்த்தோம். இதற்கு நாமக்கல் முறை என்று பெயர் சூட்டுகிறோம்; மாற்றுப் பெயர் முன்மொழிவோர் முதலில் லாரி வாங்கியிருக்கவேண்டும்.

சூடான பானட்டுக்கு இணையானது, ஓடுதளத்தில் இன்ஜின் ஓடியபடியே தொடங்கும் விளையாட்டு. அதை ஏற்கலாகாது. எல்லாம் அணைந்த நிலையிலிருந்து தொடங்கி, சாவியை ‘இடது’, ‘வலது’ எனத் திருப்பி மேக்னட்டோவைச் சோதிக்கவேண்டும். செஸ்னா 172எஸ் கையேட்டின்படி 1,800 சுற்றில் வைத்து ஒரு மேக்னட்டோவை நிறுத்தினால் சுற்று குறையவேண்டும். அக்குறைவு 150க்கு மிகாமலும் இருக்கவேண்டும். மலிவு ஆட்-ஆன்களில் சாவி திரும்பும், ‘டக்’ என்று சத்தம் வரும், முள் அசையாது. சத்தத்துக்கு 28 ட்ரே அதிகம்.

மேட்டில் ஏற்றிப் பார்ப்பதற்கு இச்சமவெளியைப் போல வாய்த்த இடம் அரிது. ஓமலூரில் கிளம்பி மூக்கை நேராக ஏற்காட்டுக்குத் திருப்புங்கள். 180 குதிரைத்திறன் இன்ஜின் கொண்ட செஸ்னா 172எஸ் முழு எடையில், கடல்மட்டத்தில், நிமிடத்துக்கு 730 அடி ஏறும். மேலே போகப் போக அது குறையும். ஏறும் வேகம் 74 நாட். அந்த வேகத்தில் நிமிடத்துக்கு இரண்டே கால் கிலோமீட்டர் நகர்கிறது. ஏற்காட்டை எட்ட ஆறரை நிமிடம் பிடிக்கும். சராசரி 600 அடி என்று தாராளமாகப் போட்டாலும் ஆறரை நிமிடத்தில் 3,900 அடிதான் ஏறியிருக்கும். ஓடுதளத்தின் ஆயிரத்தையும் கூட்டினால் 4,900. ஏற்காடு ஊரே அதற்குச் சற்று மேலேதான் இருக்கிறது. சேர்வராயன் கோயில் உச்சி 5,300 அடிக்கும் மேல். ஆக, உண்மையான செஸ்னா நேரே போனால் காபித் தோட்டத்துக்குள்தான் போகும். காமலாபுரத்துக்கு மேலேயே சுற்றி உயரம் சேர்த்துக்கொண்டு பிறகுதான் மலைப்பக்கம் திரும்பவேண்டும். நீங்கள் வாங்கிய செஸ்னா ஒரே மூச்சில் மலையைத் தாண்டிவிட்டால் மகிழவேண்டாம். அது செஸ்னா அன்று. செஸ்னாவின் சட்டை போட்ட வேறேதோ.

அதே சோதனையைக் கத்திரி வெயிலில் செய்க. சிமுலேட்டரின் வானிலைப் பலகையில் வெப்பத்தை 40 டிகிரிக்கு ஏற்றுங்கள். ஆயிரம் அடி உயரத்தில் இயல்பாக இருக்கவேண்டிய வெப்பம் 13 டிகிரி, மிகையாவது 27. டிகிரிக்கு 120 அடி என்பது விமானிகளின் கைக்கணக்கு. பெருக்கிக் கூட்டினால் ஓமலூர் ஓடுதளத்தின் அடர்த்தி உயரம் 4,200 அடிக்கு மேல் வருகிறது. அதாவது சித்திரை நண்பகலில் ஓமலூரில் நிற்கும் விமானம் மலைமேல் இருக்கும் மெல்லிய காற்றில்தான் நிற்கிறது. குளிர் ஒன்றுதான் இல்லை. தை மாத விடியலில் ஓடிய தூரமே இப்போதும் ஓடிக் கிளம்புமானால் அந்த ஆட்-ஆன் வெயிலே படாமல் வளர்ந்தது. இச்சோதனையில் தோற்றவற்றின் பட்டியலை நாகரிகம் கருதித் தரவில்லை.

ஸ்டீயரிங் ப்ளேயைப் பொறுத்தவரை ஒரு குறிப்புப் போதும். முழு விசையில் மூக்கை உயர்த்தினால் இவ்வகை விமானங்கள் இடப்பக்கம் இழுக்கும். வலது ரட்டரை மிதித்துக்கொண்டே இருக்கவேண்டும். இழுக்கவில்லை என்றால் விமானத்தைப் பழிக்குமுன் அமைப்புகளில் தானியங்கி ரட்டர் உதவி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பலர் இதை அணைக்காமலே விமானத்துக்கு நற்சான்று வழங்குகின்றனர்.

மயிற்பொறிச் சோதனைக்கு ராசிபுரம் பொருத்தம். 2025 நவம்பரில் சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று நார்த்தாமலை அருகே தேசிய நெடுஞ்சாலையில் அவசரமாக இறங்கி, உள்ளே இருந்தவர்கள் உயிர் தப்பியதைப் படித்திருப்பீர்கள். வீட்டில் இதை ஆபத்தில்லாமல் செய்யலாம். ராசிபுரத்துக்கு மேலே, தரையிலிருந்து 3,000 அடியில் இன்ஜினை நிறுத்துங்கள். 68 நாட்டில் டிரிம் செய்து கையை எடுத்துவிடுங்கள். நல்ல 172 மூக்கைச் சற்றே ஏற்றி இறக்கி, பிறகு அடங்கி, எட்டுக் கிலோமீட்டர் சறுக்கும். ஆண்டகளூர்கேட் நெடுஞ்சாலை எட்டும். நாமக்கல் பஸ் நிலையம் எட்டாது. நாமக்கல் எட்டினால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கல்லைப் போல விழுந்தாலும் கேளுங்கள். நெடுஞ்சாலையில் லாரிகள் ஒதுங்கி வழிவிடுமா என்பது விமானத்தின் விலையில் அடங்காது.

கஞ்சமலையில் மேக்னடைட் இரும்புத்தாது இருப்பது யாவரும் அறிந்ததாகலின், அதன் மேல் பறக்கையில் திசைகாட்டி முள் தடுமாறும் ஆட்-ஆன் உண்டோ என்றும் தேடினோம். இல்லை. உண்மை விமானத்திலாவது தடுமாறுமா என்று கேட்போர் ஆய்வின் ஓட்டத்தைக் கெடுப்பவர்.

இம்முறையில் நிறுத்துப் பார்க்கையில் மதிப்புப் பெறுவன, செய்த கொடுமையை மறக்காத விமானங்கள். ஏ2ஏ சிமுலேஷன்ஸ் உருவாக்கிய பைப்பர் கமாஞ்சி 250 இதற்கு நல்ல சான்று. இன்ஜின் தேய்மானத்துக்குக் கணக்கு வைத்து, நேற்று முரட்டுத்தனமாக ஓட்டியதற்கு இன்று முகம் சுளிக்கும். லாரிக்காரர்கள் பார்த்தால் இதைத்தான் வண்டி என்பார்கள். எக்ஸ்-பிளேன் இறக்கையைத் துண்டு துண்டாகக் கணக்கிட்டுப் பறக்கவைப்பதால் அதில் கைவிட்ட நிலைச் சோதனை சுவையானது. மைக்ரோசாஃப்டில் மண்ணும் மலையும் அழகு. இரண்டில் எது உயர்ந்தது என்னும் வாதம் சைவ வைணவ வாதத்தை ஒத்த நீளமுடையது. இவ்வாய்வு நாமக்கல் மலைக்கோட்டையின் அடிவாரத்தில் நரசிம்மரும் நகரில் அனுமாரும் இருப்பதைக் கருதி அதில் தலையிடவில்லை.

‘இவ்வளவும் சோதிக்க முதலில் வாங்கத்தானே வேண்டும்?’ என்பது எதிர்வாதியின் வினா. வேண்டா. ஃபிளைட்கியர் என்னும் திறந்தமூலச் சிமுலேட்டர் இலவசம். அதோடு வரும் செஸ்னா 172பி-யும் இலவசம். அதில் ஏற்காட்டைச் சுற்றி ஏறவும் ராசிபுரத்தில் சறுக்கவும் கற்றுக்கொண்டால், விலைகொடுத்து வாங்கப்போவது எங்கே பொய் சொல்கிறது என்று காது கேட்டே தெரிந்துவிடும்.

எனவே தீர்ப்பு: முதல் விமானம் இலவசச் செஸ்னா. கையில் காசு சேர்ந்தால் அடுத்து வாங்கவேண்டியது விமானமன்று, ரட்டர் பெடல். அதன் பிறகும் ஆசை தீராதவர் ஒரே ஒரு ஆட்-ஆன் வாங்கலாம். தள்ளுபடி நாளில், கத்திரிச் சோதனையில் தேறியதாக, வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டு.