மாரியில படம் கீற வந்த தம்பிமாருக்கு

கார்த்திகை மாசத்தில, கூடாரமும் தூக்கிக்கொண்டு, கட்டைபறிச்சானுக்குப் படம் கீற வந்திருக்கிறியள். உங்களுக்கு ஒரு மாலை போடத்தான் வேணும் தம்பிமார்! ஐப்பசி தொடக்கம் தை வரைக்கும் வாடைமழை கொட்டுற ஊரில கடதாசியை விரிச்சுக்கொண்டு குந்த வேற ஆருக்கு மனம் வரும்?

கூடாரத்தைக் களப்போரப் பள்ளத்தில அடிச்சதும் நல்ல வேலை. ராவைக்கு நண்டு தானே தேடி வரும், கறிச்செலவு மிச்சம். மேடு பாத்து, வாசலைக் காத்துக்கு மறுபக்கம் வைச்சு வாடி போடுற மீன்பிடிகாரனுக்கு விசர்தானே!

தண்ணிச்சாயமோ கொண்டந்தியள்? அது பிசினில குழைச்ச சாயம். தண்ணி ஆவியாப் போனாத்தான் காயும். இஞ்ச காத்தே நனைஞ்சு கிடக்கு. விடியக் கீறின வானம் பின்னேரமும் கடலுக்க வழிஞ்சுகொண்டிருக்கும். பாதகமில்லை, மழையும் சேந்து கீறின படமெண்டு விலையைக் கூட்டி வில்லுங்கோ. மனச்சாட்சி குத்தினா எண்ணெய்ச்சாயத்தை எடுங்கோ. அது காத்தில இருக்கிற ஒட்சிசனைப் பிடிச்சு இறுகிறது, தூறலோட கலக்காது. 1841இல ஜோன் றாண்ட் எண்ட அமெரிக்க ஓவியர் சாயத்தைத் தகரக் குழாய்க்குள்ள அடைச்சுத் தந்தது, உங்களைப்போல ஊர் சுத்துறவைக்கு வாய்ச்ச அதிட்டம்.

இனி, காசில்லாமல் ஒரு புத்தி. மூதூர் துறையடியில நிண்டு குடாவுக்கு அங்கால பாருங்கோ. மழை வரேக்க முதல்ல அக்கரையில கோணமலை மங்கும். பிறகு நடுக்கடல் வெளுக்கும். கிட்ட நிக்கிற வள்ளமும் மறையேக்க படங்குக்குள்ள ஓடுங்கோ. அதுக்கிடையில மூண்டு நிறமும் பத்துக் கோடும் போதும். கண்டல் இலையை எண்ணிக்கொண்டு நிக்காதேங்கோ. மழை விடட்டும் எண்டு பாத்திருந்தா தையும் பிறந்திடும். மழை வாற வரத்தைக் கீறுங்கோ.

உடுப்புக் காயேல்லையெண்டு அழவும் வேண்டாம். 1659இல புயலில பாய்மரம் முறிஞ்ச கப்பலைத் திருத்த இந்தக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தவங்களில றொபேட் நொக்ஸ் எண்ட வெள்ளைக்காரனும் ஒருத்தன். அடுத்த வருசம் கண்டி ராசாவின்ர ஆக்களிட்டப் பிடிபட்டவன் 1679இலதான் தப்பினான். ஊருக்குப் போய்ப் புத்தகமும் போட்டான். நீங்கள் ரெண்டு ராவுக்கே மூக்கைச் சிந்துறியள்.

போகேக்க என்ர வள்ளத்தைக் கீறின படத்தைக் காட்டிட்டுப் போங்கோ. ஓட்டை விழுந்த பக்கம் தெரிஞ்சா அதை மட்டும் அழிச்சு விடுங்கோ. வள்ளத்தை விக்க ஆள் பாத்துக்கொண்டிருக்கிறன்.